விரல் முட்டி வீக்கமும் தளர்ந்த பிடியும்: தட்டோன் சகோதரிக்கு

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வயது 48. பர்மாவின் தட்டோனில் காலையில் இட்லிக் கடை, மாலையில் முறுக்கு. ஐந்து மாதமாக இரண்டு கையிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் மெத்தென்று வீங்கியிருக்கின்றன. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் ஆறு, ஆறரை வரைக்கும் விரல் மடங்குவதில்லை. போன வாரம் மாவுச் சட்டி கை நழுவி விழுந்துவிட்டது. கடையில் கட்டிக்கொடுத்த மாத்திரைப் பொட்டலம் சாப்பிட்ட மூன்று நாளும் கை புதிது போல இருந்தது, தீர்ந்ததும் பழையபடி ஆகிவிட்டது. என்ன எண்ணெய் தேய்க்கலாம், பந்து அமுக்கினால் பிடி திரும்புமா, மாதவிலக்கு நின்றதால் வந்ததா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று எனக்குத் தெரிகிறது: இந்தக் கையை நம்பித் தொழிலை நடத்த முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு முதலில் இது என்ன நோய் என்று தெரிய வேண்டும். அதுவும் இந்த மாதமே தெரிய வேண்டும்.

நான் ரங்கூனில் 26 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் கை நோயாளிகள்தான். நோய் இன்னதென்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் டாக்டருடைய வேலை, என்னுடையது அல்ல. உங்கள் கையைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். ஆனால் எந்த மூட்டு, எத்தனை நேரம், எந்த மாதிரி வீக்கம் என்ற மூன்றும் தெரிந்தால் எந்தப் பக்கம் சந்தேகப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நீங்கள் மூன்றையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

விரலில் நுனிக்கணு, நடுக்கணு, கையை மடக்கினால் மேலே துருத்தும் முட்டி என மூன்று வரிசை இருக்கிறது. வயதாக ஆக வரும் மூட்டுத் தேய்மானம் நுனிக்கணுவையும் நடுக்கணுவையும் கட்டைவிரலின் அடியையும்தான் அதிகம் பிடிக்கும். அமுக்கிப் பார்த்தால் எலும்பு போலக் கெட்டியாக இருக்கும். காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதம் என்கிற ருமட்டாய்டு வேறு. அது முட்டி வரிசையையும் நடுக்கணுவையும் மணிக்கட்டையும் பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும், நுனிக்கணுவை அநேகமாக விட்டுவிடும். வீக்கத்தை அமுக்கினால் ஊறிய பஞ்சு போல மெத்தென்று இருக்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அசைக்க அசைக்கத்தான் இளகும். என்னிடம் வருகிற ஆண்களிடம் மணிக்கணக்குக் கேட்பதில்லை, கைலியைத்தான் கேட்பேன்: எழுந்து எத்தனை நேரம் கழித்து முடிச்சு அவிழாத மாதிரி கட்ட முடிகிறது? ஒருவர் சொன்னார், மகன் வேலைக்குப் புறப்படும் முன்னால் கட்டிவிட்டுப் போகிறான், ஒன்பது மணிக்கு மேல்தான் தானே அவிழ்த்துக் கட்ட முடிகிறது என்று. அதைக் கேட்டதும் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன். உங்கள் இரண்டு மணி நேரமும், இரண்டு கை முட்டியும், ஐந்து மாதமும் அதே பக்கம்தான் காட்டுகின்றன. இன்னொன்றை நீங்களே பார்க்கலாம். வீட்டில் யாரையாவது உங்கள் ஒரு கையின் நாலு விரல் முட்டிகளையும் பக்கவாட்டில் சேர்த்து மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். கை குலுக்கும் அளவு அழுத்தம் போதும். அதற்கே சுரீர் என்றால் சந்தேகம் கூடுகிறது.

வேறு காரணங்களும் உண்டு. வீக்கத்துக்கு முன்னால் கடும் காய்ச்சல் வந்திருந்தால் சிக்கன்குனியாவை நினைக்க வேண்டும். 2019இல் நம் நாட்டில் அது நன்றாகப் பரவியது, காய்ச்சல் விட்டாலும் மூட்டு வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். யூரிக் அமில வாதம் பெரும்பாலும் ஒரே மூட்டில், ஒரே ராத்திரியில், நெருப்பு வைத்த மாதிரி வரும். நகத்தில் குண்டூசி குத்தியது போலக் குழிகள் இருந்து, ஒரு விரல் முழுவதுமே தடித்திருந்தால் சோரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் வாதமாக இருக்கலாம். சர்க்கரை நெடுநாள் இருப்பவர்களுக்கு வீக்கமே இல்லாமல் விரல் விறைக்கும். வணக்கம் சொல்லக் கை கூப்பச் சொன்னால் உள்ளங்கைகளும் விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டாது, நடுவில் வெளிச்சம் தெரியும். பிடி தளர்ந்ததற்கு மூட்டே காரணம் இல்லாமல் நரம்பு காரணமாக இருப்பதும் உண்டு. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போய், கையை உதறினால் சரியானால் அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்து, வலியே இல்லாமல் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கிக்கொண்டு வந்தால் தொழுநோய்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். நம் நாடு 2003இல் அதை ஒழிப்பு அளவுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது, ஆனாலும் புதிய நோயாளிகள் இன்னும் வருகிறார்கள். மருந்தால் முழுவதும் குணமாகும் நோய் அது. வெட்கப்பட்டு ஒளித்தவர்களின் விரல்கள் மடங்கிப்போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இத்தனை அவசரப்படுத்துகிறேன் என்றால், முடக்குவாதமாக இருந்தால் நாள் போகப் போக நஷ்டம் நமக்குத்தான். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். அரித்தது திரும்ப வளராது. வீக்கம் தொடங்கி ஆறு வாரத்துக்குள் மூட்டுநோய் டாக்டரைப் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் நோயை அடக்கும் மருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்கள் வகுத்த அளவு. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. பயப்படச் சொல்லவில்லை, இப்போதே தொடங்கினாலும் நல்ல பலன் இருக்கிறது. ஆனால் நம் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: வெந்நீரில் கையை வைத்து, மகளைப் பிசையச் சொல்லி, இடது கையால் ஊற்றி, எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். சமாளிக்கிற திறமை இருப்பதாலேயே டாக்டரிடம் ஒரு வருடம் பிந்தி வருகிறார்கள். அதற்குள் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன.

மோல்மேனில் பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவரைப் பாருங்கள், முடிந்தால் ரங்கூனுக்கு வந்து மூட்டுநோய்ப் பிரிவில் காட்டுங்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள், முதல் இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க, அடுத்த இரண்டும் முடக்குவாதமா என்று பார்க்க. ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், முடக்குவாதக்காரர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது வராது. நோய் இல்லாத சிலருக்கு வரவும் செய்யும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம். முடக்குவாதம் என்று உறுதியானால் அநேகமாக மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தருவார்கள். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையும், தொடங்கிய பிறகு அவ்வப்போது கல்லீரல், ரத்த அணு பரிசோதனையும் வேண்டும். பலன் தெரிய ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். அதற்குள் கேட்கவில்லை என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பொட்டலத்தைப் பற்றி. இரண்டு மூன்று நிற மாத்திரைகளைக் கலந்து சின்ன பிளாஸ்டிக் பையில் தருவதைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றே நாளில் வீக்கம் வடிந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம், கூட ஒரு வலி மாத்திரையும் இருந்திருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல, டாக்டரே சில வாரத்துக்கு அளவாகத் தருவார். அளவும் நாளும் தெரியாமல் சாப்பிடுவதுதான் கெடுதல். ஒரு பூக்காரம்மா இரண்டு வருடம் அப்படிச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். முகம் நிலா மாதிரி உருண்டு, கையில் லேசாகத் தட்டினாலே கன்றிப்போகும் தோல், சர்க்கரை வேறு ஏறியிருந்தது. விரல்களோ உள்ளே அரிபட்டுக்கொண்டே இருந்தன, வலி தெரியாததால் அவர் கவலைப்படவில்லை. நீங்கள் விட்டு விட்டு மூன்று நாள் சாப்பிட்டிருந்தால் இனி வாங்காமல் இருந்தாலே போதும். தொடர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் மட்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள், உடம்பு தாங்காது. டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

இப்போது எண்ணெய். நல்லெண்ணெயோ வேறு எந்தத் தைலமோ மூட்டுக்குள் இறங்கி வீக்கத்தைக் கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் சூடும் தடவலும் தசையை இளக்கும், ஒரு மணி நேரம் இதமாக இருக்கும், அதற்காகச் செய்யுங்கள். முட்டி சிவந்து கொதிப்பாக இருக்கும் நாளில் அழுத்தித் தேய்க்கக் கூடாது, சொடுக்கு எடுக்கவும் இழுக்கவும் கூடாது. அமுக்கிவிடுகிறவரிடமும் போகாதீர்கள். அந்த மாதிரி நாளில் குளிர்ச்சிதான் நல்லது. கரண்ட் ஒழுங்காக இல்லாத ஊரில் ஐஸுக்கு எங்கே போவது என்பீர்கள். மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி விசிறினாலே கொஞ்சம் அடங்கும். கொதிப்பு இல்லாத வெறும் விறைப்புக்கு, இட்லிப் பானை ஏற்றுவதற்கு முன்னால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் கையை முக்கி, தண்ணீருக்குள்ளேயே விரலை மடக்கி நீட்டுங்கள். மிளகாய், கற்பூரம் கலந்த தைலம் தடவிய கையைச் சூட்டில் காட்டாதீர்கள், தோல் வெந்துவிடும். டைக்ளோஃபெனாக் களிம்பு தேய்மான வலிக்கு நன்றாகவே கேட்கும், அதே மருந்து மாத்திரையாக உள்ளே போவதைவிட வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. ராத்திரி போடும் இறுக்கமான கையுறைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சோதித்துப் பார்த்ததில் தளர்ந்த கையுறையும் அதே இதத்தைத்தான் தந்தது.

பந்து விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். பயிற்சி முடித்த புதிதில் பிடி தளர்ந்தது என்று யார் வந்தாலும் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து நூறு தடவை அமுக்கச் சொல்வேன். தையல் வேலை செய்த ஒரு பெண் சொன்னபடியே பத்து நாள் அமுக்கினார். வந்தபோது முட்டிகள் முன்னைவிட வீங்கியிருந்தன, கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வீங்கிய மூட்டு வலிக்கும்போது மூளையே தசையைக் கட்டிப்போடும், பிடி தளர்வதில் ஒரு பங்கு அதுதான். அதை அமுக்கி அமுக்கி மீட்க முடியாது. வீக்கத்தை அடக்கினால் ஓரளவு பிடி தானாகத் திரும்பும். இன்னும் கொஞ்சத்தைப் பயிற்சியால் மீட்கலாம், இதற்கு நல்ல சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் 490 முடக்குவாத நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மருந்தோடு கூட, கைக்கு அசைவுப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் படிப்படியாகக் கூட்டிச் செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் கை வேலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது, வலியும் கூடவில்லை. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் பலன் உண்மையானது.

நீங்கள் இன்றே தொடங்கக்கூடியது அசைவு மட்டும். விரல்களை நேராக நீட்டி, பிறகு கொக்கி மாதிரி நடுக்கணுவை மட்டும் மடக்கி, பிறகு மெதுவாக முழுவதும் மடக்கி, திரும்ப நீட்டுங்கள். கட்டைவிரல் நுனியால் நாலு விரல் நுனியையும் வரிசையாகத் தொடுங்கள். உள்ளங்கையை மேஜையில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தூக்குங்கள், பிறகு எல்லா விரலையும் கட்டைவிரல் பக்கமாக நகர்த்துங்கள், சுண்டுவிரல் பக்கமாக வேண்டாம். ஒவ்வொன்றும் ஐந்து தடவையில் தொடங்கிப் பத்துக்குப் போங்கள், காலையும் மாலையும். வலுப் பயிற்சி வீக்கம் வடிந்த பிறகுதான், அப்போதும் பந்து வேண்டாம், தளர்வாகப் பிசைந்த மாவு உருண்டை போதும். கணக்கு இதுதான்: செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் அளவு அதிகம், நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள். வலிக்கிறதே என்று கையைத் துணியில் கட்டி முழு ஓய்வு கொடுப்பதும் தப்பு, கொஞ்ச நாளிலேயே விரல் இறுகத் தொடங்கிவிடும்.

உங்கள் வேலைக்கு வருகிறேன், இதில்தான் கை பிழைப்பதும் கெடுவதும். விரல் நுனியால் ஒரு கிலோ விசையில் கிள்ளிப் பிடித்தால் கட்டைவிரலின் அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ இறங்குகிறது. அதனால் நுனியால் செய்வதை உள்ளங்கைக்கும், உள்ளங்கையால் செய்வதை முழங்கைக்கும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். முறுக்கு அச்சில் திருகுகிற வகை உங்களுக்கு ஆகாது, ஒவ்வொரு திருகலும் விரல்களைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுகிறது. இரண்டு கைப்பிடி வைத்த அச்சும், கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே தூக்கிப் பிடித்துப் பிழிந்தால் கெடுதல்தான், பிடி நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். என்னிடம் வந்த ஒருவருடைய வீட்டுக்காரர் பழைய முக்காலியின் நடுவில் துளை போட்டுக் கொடுத்தார். அச்சின் கீழ்க் கைப்பிடி துளையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும், கீழே தட்டு. அந்த அம்மா நின்றபடி முழங்கையை நீட்டி, மேல் கைப்பிடியின் மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து உடம்பு பாரத்தால் அமுக்குவார். விரல் எதையும் பிடிப்பதே இல்லை. தட்டில் விழுந்த முறுக்கைக் கரண்டியால் எடுத்து எண்ணெயில் விடுவார். மாவை ஒரு கை வெந்நீர் கூட்டித் தளர்த்தியதும் அமுக்குகிற பாரமும் குறைந்தது.

இட்லி மாவை ஒரே பெரிய சட்டியில் வைக்காமல் மூன்று சின்னதாக வையுங்கள். தூக்குவதற்குப் பதில் நகர்த்துங்கள், தூக்கியே ஆக வேண்டுமானால் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். இட்லித் துணியைக் கையால் முறுக்கிப் பிழியாதீர்கள், குழாயில் மாட்டி இரண்டு முனையையும் சேர்த்து முழுக்கையால் இழுத்துத் திருகுங்கள். கரண்டிக் காம்பில் சைக்கிள் டியூப் வாரைச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் பருமனாக்குங்கள், மெல்லிய காம்புதான் விரலை அதிகம் மடக்கச் சொல்கிறது. சந்தைக் கூடையை விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பில் மாட்டுங்கள். முகத்தில் பூசும் தனாக்காக் கட்டையை அரைப்பதை விட வேண்டியதில்லை, கட்டையை விரலால் பற்றாமல் உள்ளங்கையை மேலே வைத்து வட்டமாக ஓட்டுங்கள். இடுப்பில் கட்டும் தமெய்னைச் சொருக விரல் மறுத்தால் கொக்கி தைத்துக்கொள்ளுங்கள், தையல்காரர் ஒருநாளில் செய்து தருவார். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பிடியை விட்டு விரலை நீட்டுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் இன்றைக்கே சோப்புப் போட்டுக் கழற்றிவிடுங்கள், நாளைக்கு வெட்ட வேண்டி வரலாம்.

மாதவிலக்கு நின்ற வயதில் விரல் வலி கூடுவது உண்மைதான், தேய்மானமும் அப்போதுதான் பெண்களுக்கு அதிகமாகத் தலைகாட்டும். ஆனால் இரண்டு மணி நேர விறைப்பையும் மெத்தென்ற வீக்கத்தையும் வயசுக்கோளாறு என்று தள்ளக் கூடாது. வாயு என்று பருப்பையும் உருளைக்கிழங்கையும் நிறுத்தியிருக்கிறீர்களாம், திரும்பச் சாப்பிடுங்கள். யூரிக் அமில வாதத்துக்குத்தான் பீர், ஈரல், சில கடல் உணவுகளைக் குறைக்கச் சொல்வோம். மஞ்சள் சாப்பிடுவதால் கெடுதல் இல்லை, அதை மருந்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். சுருட்டுப் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டே ஆக வேண்டும், புகை முடக்குவாதத்தையும் வளர்க்கும், மருந்தின் பலனையும் குறைக்கும்.

ஒரு விரல் மட்டும் திடீரென்று சிவந்து வீங்கி, நீட்டினால் உயிர் போகிற வலியும் காய்ச்சலும் வந்தால், குறிப்பாக முள்ளோ கத்தியோ குத்திய பிறகு வந்தால், அது சீழ். அன்றைக்கே ஆஸ்பத்திரி. நேற்று வரை நீட்ட முடிந்த விரல் இன்று காலை வலியே இல்லாமல் தொங்கினால் தசைநார் அறுந்திருக்கலாம், அதற்கும் காத்திருக்கக் கூடாது.

டாக்டரிடம் நீங்கள் போகும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும், கை இளகியிருக்கும், அவர் பார்க்கும் வீக்கம் பாதிதான். அதனால் நாளை விடியற்காலை எழுந்ததும், வெந்நீரில் வைப்பதற்கு முன்னால், இரண்டு கையையும் பாயில் விரித்து வைத்து மேலிருந்து ஒரு போட்டோ, முடிந்த அளவு மடக்கி ஒரு போட்டோ மகளை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் விரல் முழுவதும் மடங்கிய நேரத்தை எழுதி வையுங்கள். பொட்டலத்தில் மாத்திரை மீதி இருந்தால் பையோடு கொண்டுபோங்கள், ஒளிக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ விரல் சாய்ந்திருந்ததா என்று கேட்டு அதையும் சொல்லுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், வலுப் பயிற்சியை எந்த வாரத்தில் எவ்வளவு கூட்டலாம் என்று அப்போது சொல்கிறேன்.